பூக்கேட்ட பிறகு

வணக்கமுங்க ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலையில் தடுமாற்றம் இல்லை. வீட்டுக்கு வந்தால் ராத்திரிக்கு இட்லியா தோசையா என்பதிலேயே நின்றுவிடுகிறேன். நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பாமலே விடுகிறேன். இப்போது மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இரண்டு பள்ளிகளைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிறது. இரண்டும் நல்ல பள்ளிதான். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதுவே மண்டைக்குள் ஓடுகிறது. “ஏதாச்சும் ஒண்ணுல சேத்துடு” என்கிறார் வீட்டுக்காரர். அந்த ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. என்ன செய்யட்டுமுங்க?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியும். சாயம் போட்ட மாதிரித் துணியான லேப் டிப் வந்தால், ஆர்டர் கொடுத்த பையர் தந்த நிறத்துண்டோடு வைத்துப் பார்த்து, ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுகிறீர்கள். அங்கே ஒப்பிட ஒரு துண்டு இருக்கிறது, ஷிப்மென்ட்டுக்குத் தேதி இருக்கிறது. வீட்டு விஷயத்தில் இரண்டுமே இல்லை.

எங்கள் அப்பா மஞ்சள் போட்டவர். 2010-இல் ஈரோட்டில் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மஞ்சள் வேகவைக்கும்போதே “பன்னெண்டு வந்தா குடுத்துருவேன்” என்று சொல்லியிருந்தார். வந்தது, கொடுத்தார். அப்புறம் விலை ஏறியபோதும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா அப்படி ஒரு விலையை மனதில் வைக்கவில்லை. தினமும் காலையில் யாருக்காவது போன் போட்டு ரேட் கேட்பார், “இன்னும் ஏறும்” என்பார், மத்தியானம் “குடுத்திருக்கலாமோ” என்பார். மூட்டைகளில் வண்டு விழுந்தது. சாக்கை உதறினால் விரலி மஞ்சளிலிருந்து மாவு கொட்டியது. 2012-இல் விலை 4 ஆயிரத்தை ஒட்டி வந்த பிறகு விற்றார். பணம் போனதைக்கூட அவர் ஆற்றிக்கொண்டார். அந்த இரண்டு வருடம் அவர் சரியாகத் தூங்காததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால்தான் உங்கள் ‘ராத்திரி இரண்டு மணி’ என்னை உலுக்கியது.

போதும் என்கிற அளவை முதலிலேயே வகுத்துக்கொண்டு, அதை எட்டுகிற முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்வதைப் பற்றி 1956-இல் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். பின்னால் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்தது அதைத்தான்.

நம் பக்கம் பூப்போட்டு சாமியிடம் உத்தரவு கேட்பதை, அதாவது பூக்கேட்பதை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் வந்த பொருளைக்கூட சாமியிடம் பூக்கேட்டு உத்தரவான பிறகுதான், எல்லாரும் பார்க்கும்படி இருக்கும் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். எங்கள் குலதெய்வக் கோயிலில் சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து சாமி காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுக்கும். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். என் அக்கா கல்யாணத்துக்குக் கேட்டபோது, வந்த பூ அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “இன்னொருக்கா கேப்போம்” என்றார். எங்கள் ஆத்தா (பாட்டி) பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு, “கேட்டாச்சு, எந்திரி” என்றார். அவ்வளவுதான்.

பூப்போட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஆத்தாவின் “கேட்டாச்சு” உங்களுக்கு வேண்டும். யோசிப்பது தப்பில்லை. ஆனால் ஒன்றரை மாதத்தில் கடைசியாக எப்போது புதிதாக ஒரு விவரம் தெரிந்துகொண்டீர்கள்? பீஸ் தெரியும், வேன் வரும் நேரம் தெரியும், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியும். அதற்குப் பிறகு நடப்பது யோசனையே இல்லை, செக்குமாடு சுற்றுவது. இட்லியா தோசையா என்பதற்கு இவ்வளவுகூட வேண்டாம், முதலில் வாயில் வந்ததை ஊற்றுங்கள். நாத்தனாருக்கு எழுதுவதை விட்டுப் போன் செய்துவிடுங்கள். பேசிய பேச்சை அழித்து எழுத முடியாது, அது உங்களுக்கு நல்லது.

பள்ளிக்கு மட்டும் ஒரு தாள் எடுங்கள். மகளுக்குக் கட்டாயம் வேண்டியது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் முதலில் தூரத்தை எழுதுவேன், ஆறு வயசுப் பிள்ளை வேனில் ஒரு மணி நேரம் உட்காரக் கூடாது. மூன்றும் இரண்டிலும் இருந்தால் கிட்ட இருக்கிற பள்ளி. ஒத்துவராவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம், எத்தனையோ வீட்டில் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று. முடிவு எடுத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்கள் அப்பாவை நாங்கள் அழைத்துப் போகாமல் விட்டோம், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருகிற சனிக்கிழமைதான் உங்கள் ஷிப்மென்ட் தேதி. அன்றைக்குப் பணம் கட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பள்ளி என்று மட்டும் போதும், ஏன் என்று எழுத வேண்டாம்.

அன்புடன்