நகத்தில் சொரியாசிஸ்: ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தை வியாபாரிகளுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறேன். முழங்கையில் சொரியாசிஸ் உண்டு. ஓராண்டாக மூன்று கைவிரல் நகங்கள் தடித்து, வரிவரியாகிக் குழி விழுந்திருக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கிய பூஞ்சைக் களிம்பு கேட்கவில்லை. தோல் மருத்துவர் நகத்தின் அடியில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். 'ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துவிடும்' என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, ஒத்தக்கடை

பதில்: தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் பூஞ்சை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈர நாரிலேயே புழங்கும் விரல்களில் பூஞ்சை எளிதில் ஒட்டும். சொரியாசிஸ் வந்த நகத்திலேயே அது சேர்ந்துகொள்வதும் உண்டு. நகத்துகளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனைதான். அரசு இராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலும் இதைக் கேட்கலாம்.

நகம் உருவாகும் வேர், விரல்தோல் நகத்தைத் தொடும் மடிப்புக்கு உள்ளே இருக்கிறது. வரியும் குழியும் அங்கேதான் பிறக்கின்றன. கெட்டியான நகத்தின் மேல் எத்தனை முறை களிம்பு தடவினாலும் மருந்து அந்த வேருக்குப் போய்ச் சேர்வது கடினம். அதனால்தான் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அந்த மடிப்புக்குள் துளியளவு செலுத்துகிறார்கள். நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். தடிப்பும் வரிகளும் இதற்கு நன்றாக அடங்கும். குழி அவ்வளவு சீக்கிரம் மசியாது. இரண்டு மூன்று நகங்களில் மட்டும் நோய் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பொருத்தமான சிகிச்சை.

வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. விரலை மரத்துப்போகச் செய்த பிறகு போடும்படி கேளுங்கள். சிலருக்கு நகத்தடியில் இரத்தம் கட்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் மெலியும் அல்லது வெளுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டாரின் பயத்துக்கும் காரணம் உண்டு. ஆனால் அவர்கள் பயப்பட வேண்டியது ஸ்டீராய்டு மாத்திரைக்கு. சொரியாசிஸ் உள்ளவர் அதை விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடல் முழுவதும் சிவந்து உரியலாம், சீழ்க்கொப்புளங்கள் கிளம்பலாம். மருத்துவர் எழுதித் தராமல் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளையும் தொடாதீர்கள். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் அவற்றில் கலந்திருக்கும்.

ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தால், குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தனியாகவோ, வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபோட்ரையாலுடன் சேர்த்தோ எழுதித் தருவார்கள். அதை நகத்தின் மேல் அல்ல, அடி மடிப்புத் தோலில் தேய்க்க வேண்டும். சொன்ன வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மட்டுமல்ல, விரல் நுனி எலும்பே தேய்ந்துபோகக்கூடும்.

எந்த வழியானாலும் பொறுமை வேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற ஆறு மாதம் ஆகும். மாதம் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும்.

கையுறை போட்டுப் பூக்கட்ட முடியாது என்று தெரியும். பாத்திரம் துலக்கும்போதாவது போடுங்கள். கட்டி முடித்ததும் கையை நன்கு துடைத்து வாசலின் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். ஊக்கால் அழுக்கெடுக்காதீர்கள்; அடிபடும் இடத்தில் சொரியாசிஸ் கிளம்பும். நகச்சுற்று என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகுவதும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விரல் நுனி மூட்டு வீங்கினாலோ, காலையில் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் சிரமப்பட்டாலோ உடனே சொல்லுங்கள். நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு அதிகம். அப்போது நக ஊசி போதாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை தேவைப்படலாம். இரத்தப் பரிசோதனை செய்து, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தவறுதலாக நாள்தோறும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.