ஆறு வாரக் குழந்தைக்கு எந்தக் கட்டுத்துணி?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாதம், குழந்தைக்கு ஆறு வாரம், வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஹெபாமே (மருத்துவச்சி) "டிராகெடூக்", அதாவது குழந்தையை உடம்போடு கட்டித் தூக்கும் நீளத் துணி, வாங்கச் சொல்கிறார், கடையில் இருக்கும் ரகங்களைப் பார்த்தால் குழம்புகிறது, என் புடவையிலேயே கட்டிக்கொள்ளக் கூடாதா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் அம்மா கழுத்து ஒடிந்துவிடும் என்று பயப்படுவதையும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் புடவை. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு நூல் புடவையை எடுத்துக் கட்டியும் பார்த்தேன். கால் மணியில் தோள்பட்டையில் கரை அறுத்தது, முடிச்சு மெல்ல நழுவியது. புடவை சாதா நெசவு, துணியும் மெல்லியது. இந்தக் கட்டுத்துணி சாய்நெசவில் நெய்தது. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் கொடுத்து, விட்டதும் திரும்பிவிடும். அதனால்தான் குழந்தையின் முதுகு வளைவோடு அப்படியே படிகிறது, எடையும் ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது. புடவையைத் தூளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னொரு செய்தி. எஸ்-பான் புறநகர் ரயிலில் கால் மணியில் போய்விடும் லுட்விக்ஸ்பூர்க்தான் ஜெர்மனியில் இந்தத் துணிக்குப் பேர்போன ஊர். எரிகா ஹோஃப்மன் என்ற தாய் தன் இரட்டைக் குழந்தைகளைத் துணியில் கட்டித் தூக்கப்போய், 1972இல் டிடிமோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். டிடிமோஸ் என்றால் கிரேக்கத்தில் இரட்டை. இங்கே பழைய துணிகள் நிறையக் கைமாறுவதால் தைரியமாகப் பழையதே வாங்குங்கள். புதியது 100 யூரோவைத் தாண்டிவிடும். பலமுறை துவைத்த துணி மெத்தென்று இருக்கும், புதுத்துணி விறைப்பாகக் கைக்கு அடங்காது. ஓட்டை, இழை பிரிந்த இடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அளவு 6 எடுங்கள், ஏறக்குறைய 4.6 மீட்டர். புடவையைவிட இரண்டு முழம் குறைவு. உங்களுக்கும் கணவருக்கும் பொதுவாக அது போதும். அவர் நல்ல ஆகிருதி என்றால் 7. முழுப் பருத்தி, நடுத்தரத் தடிமன், அதாவது சதுர மீட்டருக்கு 200 முதல் 230 கிராம். நான் நிறத்துக்கு மயங்கி, லினன் கலந்த தடித்த துணி ஒன்றை வாங்கிவிட்டேன். அதை இறுக்கவே கை வலித்தது. நீளவாக்கில் கோடு போட்ட துணி கிடைத்தால் விடாதீர்கள். எந்த இடம் தொளதொளவென்று இருக்கிறது என்பதைக் கோட்டை வைத்தே கண்டுபிடித்து இழுக்கலாம்.

கட்டுவதில் ஒரே முறையைப் பழகுங்கள்: முன்பக்கக் குறுக்குக் கட்டு. துணியின் நடுப்பகுதியை மார்பில் வைத்து, இரு முனைகளையும் அக்குள் வழியாக முதுகுக்குக் கொண்டுபோய், அங்கே குறுக்காக மாற்றித் தோள் மேல் முன்னால் விடுங்கள். மார்பில் ஒரு பை உண்டாகும். அதற்குள் குழந்தையை இறக்கி, கீழ்க்கரையைத் தொடைக்கு அடியில் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை விரித்துவிடுங்கள். மேல்கரை பிடரி வரை. அடுத்துதான் உண்மையான வேலை. ஒரேயடியாக இழுக்காமல், கழுத்துப் பக்கக் கரையிலிருந்து தொடங்கி, கோடு கோடாக, ஒவ்வொரு பிடியாக இழுத்து இறுக்க வேண்டும். பிறகு முனைகளைக் குழந்தையின் பிட்டத்துக்குக் கீழே குறுக்காக விட்டு, முழங்காலுக்கு அடியில் கொண்டுபோய் முதுகில் இரட்டை முடிச்சு.

குழந்தைக்கு வலிக்குமோ என்று முதல் வாரம் நான் தளர்த்தியே கட்டினேன். பத்து நிமிடத்தில் மகள் வயிற்றுக்கு இறங்கிவிட்டாள், மோவாய் நெஞ்சில் முட்டியது. ஆபத்து அதுதான், இறுக்கத்தில் இல்லை. குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிட முடிய வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், துணி மூக்கை மூடவே கூடாது. முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில், தவளை உட்கார்ந்ததுபோல. யூ3 என்கிற குழந்தை மருத்துவப் பரிசோதனையில் இடுப்பு ஸ்கேன் எடுத்திருப்பார்கள், அதில் ஏதாவது சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். குறைமாதக் குழந்தை என்றாலும் அப்படியே.

முதல் சில தடவை கட்டிலை ஒட்டி நின்று, குழந்தை பால் குடித்துச் சமாதானமாக இருக்கும் நேரத்தில் பழகுங்கள். ஹெபாமே பிரசவத்துக்குப் பின் 12 வாரம் வரை காப்பீட்டுச் செலவில் வருவார். உங்களுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது எதிரில் நின்று கட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். என் கையைப் பிடித்து "இன்னும் இறுக்கு" என்று என் ஹெபாமே இழுக்கவைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுப்படியில் மட்டும் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். குளிருக்குத் தடித்த ஓவரால் போட்டு உள்ளே வைக்க வேண்டாம், துணியே ஓர் உடுப்புதான். உங்கள் கோட்டை இருவருக்கும் மேலே போட்டு, குழந்தையின் முகம் வெளியே இருக்கும்படி விடுங்கள். பாதம் மூடிய பேண்ட் போட்டால் விரலை இழுக்கும், ஓர் அளவு பெரிதாகப் போடுங்கள்.

அம்மாவிடம் வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வீடியோ அழைப்பில் பக்கவாட்டில் திரும்பி நின்று, துணி பிடரியைத் தாங்கும் இடத்தைக் காட்டுங்கள். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இடுப்புல வைக்கிறதவிட இது நல்லாத்தான் இருக்கு" என்றார். கட்டியதும் முட்டி தெரிகிற மாதிரி எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், எங்கே இழுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.