மலை ஏறப் பெற்றோலா, டீசலா? ட்ரெய்லர் இழுப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைத் தரை தாம்பாளம் மாதிரி மட்டம். எந்த வாகனத்தில் ட்ரெய்லரைக் கொழுவினாலும் இங்கே ஓடும். செங்கலடிச் சந்தியால் திரும்பி மகா ஓயா, பதியத்தலாவை தாண்டினால்தான் வித்தியாசம் தெரியும். அங்கிருந்து ஒரு பாதை பிபிலை, லுணுகலை, பசறை வழியே பதுளைக்கு ஏறும். மற்றது மகியங்கனை தாண்டி, கண்டி வீதியின் கொண்டை ஊசி வளைவுகளான 18 வளைவுக்குப் போகும். இந்த ஏற்றங்களில் ட்ரெய்லர் இழுப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

செங்கலடி: அண்ணன், மாதம் இரண்டு தடவை பதுளைக்கு அரிசி ஏற்ற வேண்டும். ட்ரெய்லர் மூடையோடு 1,500 கிலோ வரும். ஹைலக்ஸ் 2.7 பெற்றோல் கெப் ஒன்று மலிவாக வருகிறது. 2.8 டீசல் விலை கூட. எதை எடுக்க?

தம்பி, முதலில் கணக்கு. கெப் ஆளோடு 2,000 கிலோ, ட்ரெய்லர் 1,500, மொத்தம் 3,500 கிலோ. நூறு மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் ஏற்றத்தில் இந்தப் பாரம் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏற, சில்லுக்கு வந்து சேர வேண்டிய வலு சுமார் 36 குதிரைவலுதான். 50இல் ஏற 60 வேண்டும். பெற்றோல் எஞ்சின் 166 குதிரைவலு, டீசல் 177. ஆக, குதிரைவலுவைப் பார்த்தால் இரண்டும் ஏறும்.

வித்தியாசம் டோர்க் (சுழற்றும் விசை) எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வருகிறது என்பதில்தான். பெற்றோலுக்கு 245 நியூட்டன் மீற்றர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில். ஓட்டோ கியர் உள்ள டீசலுக்கு 450, அதுவும் 1,600 முதல் 2,400க்குள். வளைவில் மேலிருந்து பஸ் வருகிறது, நீங்கள் 15க்கு இறங்கி ஒதுங்கி மறுபடி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். டீசல் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு போகும். பெற்றோலில் முதலாம் கியருக்கு இறங்கி 3,500 வரை சுற்றவிட வேண்டும். எஞ்சின் கத்தும், அது பழுது இல்லை. சத்தத்துக்குப் பயந்து மேல் கியர் போட்டு, 1,500க்குக் கீழே அக்சிலேட்டரை முழுதாக மிதிப்பதுதான் பிழை. 'டிக் டிக்' என்று நொக் பண்ணும், பிஸ்டனுக்குக் கேடு.

மாதம் இரண்டு தடவை என்றால் என் முடிவு பெற்றோல். வாரம் இரண்டு மூன்று தடவை என்றால் டீசல். பாரத்தோடு ஏறும்போது டீசல் குறைவாகக் குடிக்கும், சரி. ஆனால் பாவித்த டீசலில் இன்ஜெக்டரும் பம்பும் போனால் ஒரே தடவையில் பெரிய காசு. ஒரு பயணத்தில் மிச்சமாகும் எரிபொருள் காசை மாதப் பயணத்தால் பெருக்குங்கள். இரண்டு கெப்பின் விலை வித்தியாசத்தை அந்தத் தொகையால் வகுங்கள். 60 மாதத்துக்கு மேல் வந்தால் டீசல் தேவையில்லை.

எதை எடுத்தாலும் கைநூலில் இழுவை அளவைப் பாருங்கள். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். பல கெப்புகளில் பிரேக் இல்லாதது 750 கிலோவோடு நிற்கும். உங்கள் 1,500 கிலோவை பிரேக் இல்லாத ட்ரெய்லரில் கொண்டு போகவே கூடாது.

சம்மாந்துறை: காக்கா, என்னிடம் பட்டா (டாட்டா ஏஸ் சின்ன லொறி) இருக்கு. அதுவும் டீசல்தானே. 500 கிலோ ட்ரெய்லர் பூட்டி மகியங்கனைப் பக்கம் ஏறலாமா?

வேண்டாம் தம்பி. டீசல் என்ற பெயர் இழுக்காது. பழைய பட்டா 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலு, டோர்க் 38 நியூட்டன் மீற்றர் அளவுதான். தன் பெட்டியில் முக்கால் தொன் ஏற்றினாலே மலையில் 25இல் ஊரும். ட்ரெய்லரும் சேர்ந்தால் கிளச் எரியும், இறக்கத்தில் அந்தச் சின்ன பிரேக்கால் நிறுத்தவும் ஏலாது. சாமானை இரண்டு நடையாகப் பிரித்துக் கொண்டு போங்கள்.

காத்தான்குடி: நுவரெலியா வரை போகிறவர்களுக்கு பெற்றோல் வாகனம் உயரத்தில் இழுவை குறையும் என்கிறார்கள். உண்மையா?

டேர்போ இல்லாத எந்த எஞ்சினுக்கும் உண்மை, பழைய டேர்போ இல்லாத டீசலும் அதில் அடங்கும். 1,000 மீற்றருக்குப் பத்து வீதம் அளவில் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. டேர்போ உள்ளது காற்றை அழுத்திக் கொடுப்பதால் இந்த உயரத்தில் பெரிதாகத் தெரியாது. பதுளை நகரம் 700 மீற்றருக்குள்தான், அங்கே இதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கல்முனை: அண்ணன், டீசல் கெப், ஓட்டோ கியர். மட்டத்தில் வெப்ப முள் நடுவில் நிற்கும். ட்ரெய்லரோடு லுணுகலை ஏற்றத்தில் மட்டும் மேலே போகிறது. கூலன்ட் குறையவில்லை.

நம் பக்கத்து வாகனங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரேடியேற்றரின் முகம். அறுவடைக் காலத்தில் வயல் வீதியில் ஓடியிருந்தால் வைக்கோல் தூசும் பதரும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் பாய் மாதிரிப் படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் நடுவே டோர்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே இறுகும். பிரஷர் வோஷரைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும், தோட்டக் குழாய் போதும்.

அடுத்தது விசிறியின் பிசுக்கு கிளச், அதாவது சூட்டுக்கு ஏற்ப விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும் பகுதி. எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடை இல்லாமல் பல சுற்று ஓடினால் உள்ளே உள்ள சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது, மாற்ற வேண்டும். மட்டத்தில் எதிர்க்காற்று காப்பாற்றும், ஏற்றத்தில் 25இல் ஊரும்போது விசிறிதான் எல்லாம்.

மூன்றாவது ஓட்டோ கியர். 'டி'யில் விட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் டோர்க் கன்வேர்ட்டர் வழுக்கி கியர் எண்ணெயைச் சூடாக்கும். அந்தச் சூடும் ரேடியேற்றருக்கே வரும். ஆகவே கையால் மூன்றிலோ இரண்டிலோ பூட்டி விடுங்கள். எண்ணெய் 80 முதல் 95 பாகைக்குள் இருப்பது நல்லது, 120ஐத் தாண்டினால் சீக்கிரம் கருகும். குச்சி உள்ள கியர்பாக்ஸ் என்றால் இழுத்து மணந்து பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி, கபிலமாகிக் கருகல் மணம் வந்தால் மாற்றுங்கள். அடிக்கடி ஏறுகிறவர் தனிக் கூலர் ஒன்று போடலாம், செலவுக்குத் தகும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஒதுக்கி நின்று, நியூட்ரலில் 1,500இல் சுற்றவிடுங்கள். மூடியைத் திறக்கக் கூடாது. ஏறி முடித்தவுடன் சாவியைத் திருப்புவதும் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால்தான் டேர்போ பெயாரிங்கில் எண்ணெய் கருகாது.

அக்கரைப்பற்று: ஏறுவதற்கு டீசல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இறங்குவதற்கு எது நல்லது? எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு ட்ரெய்லரோடு இறங்க வேண்டி இருக்கிறது.

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏற முடியாத வாகனம் பாதையில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிறுத்த முடியாத வாகனம் உயிரை எடுக்கும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, எஞ்சின் பிரேக்கில் சாதாரண டீசல் பலவீனமானது. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வழியின் தட்டு மூடும். மூடிய குழாயை உறிஞ்சுவது மாதிரி எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். டீசலில் அப்படி வழியை அடைக்கும் தட்டு வேலை செய்வதில்லை. காற்றை அழுத்தும், அழுத்திய காற்றே ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும். பிடித்தது போல இருக்கும், பிடிக்காது. அதனால்தான் கென்டர், எல்ஃப் லொறிகளில் எக்சோஸ்ட் பிரேக் என்று புகைக்குழாயை அடைக்கும் தட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பக்கத்துத் தண்டில் இருக்கும். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேலை செய்யும், கிளச்சை மிதித்தால் விடும். ஆர்பிஎம் கூட இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும், ஆகவே கீழ் கியர் அவசியம். கெப்புகளில் பொதுவாக இது இல்லை.

எல்ல 1,000 மீற்றருக்குச் சற்று மேல். வெல்லவாய 200 அளவில். 3,500 கிலோ அந்த 800 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 90 லீற்றர் தண்ணீரை நம் ஊர்ச் சூட்டிலிருந்து கொதி வரை கொண்டுவரப் போதும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், மிச்சம் எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ போயாக வேண்டும். எவ்வளவு எஞ்சினுக்குப் போகிறதோ அவ்வளவு உங்களுக்கு நல்லது.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பெற்றோலில் ஏறிய கியரிலேயே இறங்கலாம், டீசல் கெப்பில் அதற்கும் ஒன்று குறைவாக. பிரேக்கில் காலை மெதுவாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். 40 ஆனதும் அழுத்தமாக மிதித்து 28க்கு இறக்கி, முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் தட்டு ஆறும். நியூட்ரலில் இறங்குவது எரிபொருள் மிச்சமல்ல, தற்கொலை.

ட்ரெய்லரில் தள்ளுபிரேக் இருந்தால், ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது கொழுவி உள்ளே சறுக்கி அதன் டிரம்மைப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பாதி வழியில் அகலமான இடத்தில் நின்று, ட்ரெய்லர் சில்லின் நடுப் பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம் இறுகியிருக்கிறது.

பிரேக் எண்ணெய்: டொட் 3 புதிதாக 205 பாகையில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு 140 அளவிலேயே. டொட் 4க்கு அவை 230, 155. நம் கரையோர ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும். அப்போது பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள்.

கருகல் மணம் வந்தால் நின்று அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சில்லுக்குக் கல் வையுங்கள், சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள், தட்டு நெளியும், வெடிக்கவும் கூடும்.

திருக்கோவில்: அண்ணா, சாப்பாட்டுக் கடை ட்ரெய்லர் ஒன்று செய்திருக்கிறோம். 60ஐத் தாண்டினால் பின்னால் வால் ஆட்டுகிறது. பெற்றோல் வாகனம் பாரம் குறைவு என்பதாலா?

தங்கச்சி, எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூக்குப் பாரம், அதாவது ட்ரெய்லரின் முன்முனை கொழுவியில் அழுத்தும் பாரம், குறைவு. தண்ணீர்த் தாங்கி பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 200 லீற்றர் என்றால் 200 கிலோ, அச்சுக்குப் பின்னால் இருந்தால் மூக்கைத் தூக்கிவிடும்.

நெல் மில்லில் மூடை நிறுக்கும் மேடைத் தராசு இதற்குப் போதும். ட்ரெய்லரை வழமையான சாமானோடு மட்டத்தில் நிறுத்தி, சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கொழுவி வாகனத்தில் நிற்கும் அதே உயரத்துக்குக் கட்டை ஒன்று வெட்டித் தராசில் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்குங்கள். கட்டையின் நிறையைக் கழித்துவிட்டு வருவது மொத்தப் பாரத்தின் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 900 கிலோ என்றால் 90. குறைந்தால் தாங்கியை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். கேஸ் சிலிண்டரை வால்வு மூடி, நிமிர்த்திக் கட்டுங்கள்.

ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேரே பிடித்து, அக்சிலேட்டரை மட்டும் விடுங்கள்.

களுவாஞ்சிகுடி: 18 வளைவில் ஃபோர் லோ (நாலு சில்லும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு ஏறினால் கிளச்சுக்கு நல்லதுதானே?

ஈரமில்லாத தார் ரோட்டில் வேண்டாம். நடு டிஃபரென்ஷியல் இல்லாத கெப்பில் வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் சாஃப்ட்டும் கியரும் முறுகும். மணல், சேறு, படகு இறக்கும் துறை, அங்கேதான் ஃபோர் லோ.

பொத்துவில்: மாரி மழைக்குப் பிறகு டீசல் கெப் ஏற்றத்தில் விக்குகிறது. மட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். ஏற்றத்தில் எரிபொருள் கூடத் தேவைப்படுவதால் அங்கேதான் முதலில் காட்டும். ஃபில்டரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். கீழே வெறும் போத்தல் ஒன்றைப் பிடித்து, திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், டீசல் மேலே. சுத்த டீசல் வரும்வரை விட்டுத் திருகைக் கையால் மூடி, பம்ப் இறுகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். நாலைந்து நாளில் மறுபடி தண்ணீர் வந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கொமன் ரெயில் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் நஞ்சு, 'பிறகு பார்ப்போம்' என்று விடாதீர்கள்.

வாழைச்சேனை: படகு ட்ரெய்லரின் பெயாரிங் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போகிறது. நல்ல கிரீஸ்தான் போடுகிறோம்.

ஓடி வந்த சூட்டோடு தண்ணீருக்குள் இறக்குகிறீர்கள். சூடான ஹப் குளிர்ந்த வாவித் தண்ணீரில் பட்டவுடன் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சும். கரையில் இருபது நிமிடம் நிறுத்தி, ஹப்பில் கை வைக்க முடிந்த பிறகு இறக்குங்கள். சீலையும் ஒவ்வொரு தடவை பெயாரிங் திறக்கும்போதும் புதிதாகப் போடுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். படகு ட்ரெய்லர் ஓடுவது குறைவு, பூ தேயாமலே வெயிலில் டயர் வெடிப்பு விழுந்து கிடக்கும். இங்கினியாகலைக் குளத்துக்குப் படகு கொண்டு போகும் முன் அந்த இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.