பிணையில் வந்தவர்

அன்புள்ள அண்ணை,

நான் முள்ளியவளை. பட்டி மாடு வைத்திருக்கிறேன். போன மாரிக்கு முதல் ஒரு இரவில் மூன்று மாடுகளைக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒன்று கன்றுத்தாச்சிப் பசு. மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் ஒருவருடைய வளவுக்குப் பின்னால் தோல் புதைத்துக் கிடந்தது. அதில் இருந்தது என் மாடுகளுக்குப் போடும் அடையாளக் குறி. பொலிஸ் அவரைப் பிடித்தது. 14 நாள் விளக்கமறியல், அடுத்த தவணையில் பிணை. இப்போது நான் பால் கொண்டுபோகும் வழியில் தேத்தண்ணிக் கடையில் இருந்து என்னைப் பார்க்கிறார். வழக்கு ஐந்து தவணை போய்விட்டது. ஒவ்வொரு தவணைக்கும் எனக்கு ஒரு நாள் வேலை இல்லை. 2009க்கு முதல் கிளிநொச்சியில் இருந்த புலிகளின் நீதிமன்றம் என்றால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் என்று அப்பா சொல்கிறார். ஊர்ப் பெடியள் கட்டிவைத்து அடிப்போம் என்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரூபிக்கும்வரை எவரும் குற்றவாளி அல்ல என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டம் கள்ளனுக்கா, எனக்கா?

அன்புள்ள தம்பி,

"நான் வேண்டாம் என்று சொல்லவில்லை" என்ற வரியை வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மற்றதெல்லாம் பிறகு. பெடியளிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். அடித்த அடுத்த நாளே வழக்கு திரும்பிவிடும். அவர் முறைப்பாட்டுக்காரர், நீங்கள் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அடி தவறிப்போய் உயிர் போனால் கொலை வழக்கு. அதற்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் போகவேண்டும். மூன்று மாடு போன வீட்டில் நாலு பிள்ளைகள் மறியலுக்குப் போவதை நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

சரி, பிணைக்கு வருவோம். பிணை கிடைத்தால் ஆள் தப்பிவிட்டார் என்று எங்கள் ஊர்களில் நினைக்கிறோம். பிணை விடுதலை அல்ல. விளக்கமறியலும் தண்டனை அல்ல. வழக்கு நடக்கும் வரைக்கும் ஆள் ஓடாமல், சாட்சியைக் குழப்பாமல் இருக்க வைத்திருக்கும் இடம்தான் மறியல். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. தவணைக்கு வரமாட்டார், சாட்சிகளில் தலையிடுவார், பிணையில் இருந்துகொண்டே இன்னொரு குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம். கொடுத்த பிணையை இரத்துச் செய்யவும் முடியும். அதனால் தேத்தண்ணிக் கடையில் அவர் பார்ப்பது வெறும் பார்வையா, மிரட்டலா என்பதை நீங்கள் நிதானமாக யோசிக்கவேண்டும். ஒரு சொல் மிரட்டலாகச் சொல்லியிருந்தாலும் திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டு, நீதிமன்றத்துக்கும் அறிவியுங்கள். கடையில் இருப்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளே போட முடியாது.

இனித் தோல். உங்களுக்கு அது முடிந்த சங்கதி. குறி என்னுடையது, வளவு அவருடையது, வேறென்ன வேண்டும் என்று கேட்பீர்கள். நான் பத்தொன்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவன். அந்தத் தோலைப் பற்றிக் கூண்டில் வைத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். வளவுக்குப் பின்னாலா, வளவுக்குள்ளேயா? வேலி எங்கே முடிகிறது? அந்தப் பக்கம் காடா, பொதுப் பாதையா? வேறு யாரும் வந்து புதைக்க முடியாதா? குறியை முதலில் கண்டவர் யார், நீங்களா பொலிஸா? தோல் அழுகுவதற்கு முதல் யாராவது படம் எடுத்தார்களா? அதே மாதிரிக் குறி வைத்திருக்கிற இன்னொரு பட்டி இருக்கிறதா?

இந்தக் கேள்விகள் உங்களை அவமதிப்பதற்கு அல்ல. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுகிற பக்கத்துக்கு, அதுவும் நியாயமான சந்தேகம் மிஞ்சாத அளவுக்கு நிரூபிக்கவேண்டும் என்பதன் நடைமுறை இதுதான். சட்டம் உங்கள் பக்கத்தையும் மறக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 114ஆம் பிரிவு இருக்கிறது. களவுபோன சாமான், போன கையோடு ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவரே கள்ளன் அல்லது களவென்று தெரிந்து வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். மூன்றாம் நாள் என்பது உங்களுக்குப் பலம். ஆனால் தோல் "அவரிடம்" இருந்தது என்று முதலில் காட்டவேண்டும். அதனால்தான் வேலியைப் பற்றி இத்தனை கேள்வி.

அந்தச் சட்டம் கள்ளனுக்கா எனக்கா என்று கேட்டீர்கள். இதற்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்லவேண்டும்.

என் தம்பியை, சின்னம்மாவின் மகனை, 2008இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம். அப்போது தடுப்புக் கட்டளையில் 18 மாதம்வரை வைத்திருக்கலாம். 2022இல்தான் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். சட்டமா அதிபர் சம்மதிக்காமல் நீதவான் பிணை கொடுக்க முடியாது. சாதாரணக் குற்ற வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாகாது. நான் மேலே சொன்ன அதே சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியாகும். அது வற்புறுத்தி எடுத்தது என்றால் அதைக் காட்டவேண்டியவர் எதிரி.

அந்தத் தம்பியின் வாக்குமூலத்தை நான் பிறகு கையில் வைத்துப் பார்த்தேன். முழுவதும் சிங்களத்தில் தட்டச்சு. அவனுக்குச் சிங்களத்தில் தன் பெயரை வாசிக்கவும் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் கையெழுத்து. முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பழகிய வடிவான எழுத்து. கடைசிப் பக்கத்தில் 'ர'வின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கிப்போயிருந்தது. ஆறு வருடம் சின்னம்மா வவுனியா பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வந்தார். ஆறாவது வருடம் மேல் நீதிமன்றம் அந்த வாக்குமூலம் சுயமாகக் கொடுத்ததல்ல என்று தள்ளியது. வேறு சாட்சி ஒன்றும் இல்லை. விட்டார்கள்.

அந்த ஆறு வருடமும் எங்கள் ஊரிலேயே சிலர் கேட்டார்கள், ஒன்றும் செய்யாமலா பிடிப்பார்கள் என்று. தேத்தண்ணிக் கடையில் இருப்பவரைப் பற்றி நீங்கள் கேட்பதும் அதே கேள்வி. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்கிறது. சில விடயங்களை நிரூபிக்கும் சுமையைச் சட்டத்தால் எதிரியின் மேல் போடலாம் என்று ஒரு காப்புவாசகமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தரத்தாருக்குச் சுமையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று வன்னியில் இருக்கிற எங்களை விட யாருக்குத் தெரியும்? உங்கள் வழக்கில் வேண்டாம் என்று தோன்றுகிற பாதுகாப்பு, என் தம்பிக்கு இல்லாமல் போன பாதுகாப்புத்தான்.

அப்பா சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த நீதிமன்றங்களில் சட்டக்கோவை இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், மேன்முறையீடும் இருந்தது. வழக்குகள் வேகமாக முடிந்ததைச் சனம் மறக்கவில்லை. ஆனால் பிடித்தவரும் தீர்த்தவரும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருந்தார்கள். அந்த அதிகாரமே ஒருவருக்குப் பிழை செய்தால் போய் முறையிட வெளியே ஓர் இடம் இருக்கவில்லை. வேகத்தை நினைக்கும்போது அதையும் நினைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிற இடம் ஒன்று உண்டு, அது ஐந்து தவணை. 1764இலேயே பெக்காரியா என்ற இத்தாலியர், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் அல்ல, அது தப்பாமலும் தாமதிக்காமலும் வரும் என்ற நிச்சயமே என்று வாதிட்டார். மாடு களவெடுப்பவர் சட்டப் புத்தகத்தில் எத்தனை வருடம் மறியல் என்று பார்ப்பதில்லை. பிடிபடுவேனா, பிடிபட்டாலும் வழக்கு எப்போது முடியும் என்றுதான் பார்க்கிறார். முடிவதற்குள் சாட்சி வெளிநாடு போய்விடுவார், பொலிஸ்காரர் இடம் மாறிப் போய்விடுவார். இதில் பிணையை மறுத்தால் தவணை ஒன்றும் குறையாது. இருக்கிற நீதிபதிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் போதாது. சான்றுப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் அறிக்கை வர மாதக்கணக்கு. எங்கள் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மகஜர் கொடுக்கும்போது இதைக் கேட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. கேட்கவேண்டும்.

களவு கொடுத்தவரை நீதிமன்றத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. வழக்கு அரசாங்கத்துக்கும் எதிரிக்கும் இடையில் நடக்கிறது, நீங்கள் வெறும் முதலாம் சாட்சி. ஆனாலும் உங்களுக்காக ஒரு சட்டத்தரணியை நிறுத்தலாம். குற்றம் நிரூபணமானால் நட்டஈடும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதைப் புதிதாக்கினார்கள். வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று பொலிஸைக் கேட்பது உங்கள் உரிமை, கெஞ்சவேண்டிய காரியமே இல்லை.

அடுத்த தவணைக்கு முதல் இரண்டு வேலை செய்யுங்கள். கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வேலியின் எல்லையைப் பார்த்து ஒரு கடதாசியில் கீறி எடுங்கள். மிஞ்சியிருக்கிற மாடுகளின் குறியைப் பகல் வெளிச்சத்தில் கிட்ட நின்று படம் எடுங்கள். இரண்டையும் உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். தவணைத் திகதியை எனக்கு எழுதினால் நானும் முல்லைத்தீவுக்கு வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு நீதிமன்ற வாசலில் நிற்பேன். அப்பாவையும் கூட்டிவாருங்கள், அவரோடு எனக்குக் கதைக்க இருக்கிறது.