பெயர்ப்பலகையும் பேரேடும்

அன்புள்ள அக்கா,

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரி. இப்போது பெங்களூரில் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். போன வருடம் காலமான என் அப்பத்தா, தன் நகைகளில் ஒரு பங்கை எனக்கு எழுதிவைத்து, "பெண் பிள்ளைகளுக்கு ஆகிற மாதிரி ஏதாவது செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோவில் திருப்பணிக்குக் கொடுத்துவிட்டு, கல்வெட்டில் அப்பத்தா பெயரை வெட்டினால் போதும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய், சமூகப் புத்தாக்கம் என்று திட்டம் எழுது, நிதி தரப் பலர் காத்திருக்கிறார்கள் என்கிறார்கள் உடன் வேலை பார்க்கும் தோழிகள். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

நம் பக்கத்தில் பெண்கள் தாங்களே முன்னின்று நடத்திய அறப்பணி என்று ஏதாவது உண்டா? எல்லாமே ஆண்கள் கட்டி, வீட்டு ஆச்சிகளின் பெயரைச் சூட்டியவைதானா? பனையோலைக் கொட்டான் கூடை, கண்டாங்கிச் சேலை என்று இப்போது பேசப்படுவது உண்மையான மாற்றமா, வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் பேரேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நடந்த காலத்தில், அவர்களுடைய கணக்கில் ஆச்சிமார் பணம் என்றே ஒரு வகை உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீதனப் பணம் கடையில் போடப்பட்டு, வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அதே பேரேட்டில் கோவில் பணமும் இருக்கும். வியாபாரத்தில் ஒரு பங்கு மகமை என்று தர்மத்துக்குத் தனியாக ஒதுங்கும். காசி வரைக்கும் சத்திரங்கள் எழுந்தது இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான். ஆக, நம் ஊர்த் தர்மத்துக்கு ஊற்றாக இருந்த மூலதனத்தில் பெண்ணின் பணமும் புரண்டது. அதை எங்கே போடுவது, எதற்கு எடுப்பது என்று பேசிய இடத்தில் அவள் உட்காரவில்லை. நகரத்தார் கோவில் வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. எண்ணிக்கையில் அவள் இருந்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் யாரும் அவளைத் தேடவில்லை.

ஆச்சிகளின் பெயர் தாங்கிய கல்லூரிகளையும் பள்ளிகளையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி கல்லூரி இல்லாவிட்டால், சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ பெண்களின் படிப்பு பள்ளியோடு நின்றிருக்கும். பெயர்ப்பலகை யாருடையது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. உங்கள் கேள்வி வேறு: நடத்தியவர் யார்?

உண்டு, ஆனால் ஊர் அவர்களை மறந்துவிட்டது. வள்ளல் அழகப்பர் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும். அதே காரைக்குடியிலிருந்து 1930களில் 'மாதர் மறுமணம்' என்று ஓர் இதழ் வந்ததும், அதன் ஆசிரியர் மரகதவல்லி என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? சீர்திருத்தக்காரர் சொ. முருகப்பாவின் துணைவியார் அவர். கைம்பெண்கள் வெள்ளைச் சேலையோடு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலேயே வாழ்ந்து முடிந்த காலம் அது. வீட்டு முகப்பில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுகிற ஒரு நகரத்தில், மறுமணத்தைத் தலைப்பாகவே வைத்து, ஆசிரியர் என்று தன் பெயரையும் அச்சடித்துப் பத்திரிகை போடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நன்கொடை கொடுப்பவரை ஊர் மாலை போட்டு வரவேற்கும். இந்த வேலைக்கு வசவுதான் கிடைக்கும். அறப்பணி வரிசையில் நான் இதை முதலில் வைப்பேன். நீங்கள் ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அடையாறில் 1954-ல் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கான பணத்தைப் பலரிடம் கேட்டுத் திரட்ட வேண்டியிருந்தது. கொடுப்பதைப் போலவே கேட்பதும் ஒரு தலைமைதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

செட்டிநாடு சிவகங்கை மாவட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் ஊர்கள் பல புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே 1991-ல் எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது நடந்ததை, பெண்கள் பற்றிய எந்தப் பேச்சிலும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று ஆயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து மிதிக்கலாம் என்பதால், அதுவே தோது என்று சொன்னவர்களும் உண்டு. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த முன்கம்பி வந்திருக்காது.

சைக்கிளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே மாவட்டத்துக் குவாரியைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஜல்லி அதே ஜல்லி, வெயில் அதே வெயில். ஆனால் எத்தனை லோடு போயிற்று, யார் எவ்வளவு பாக்கி, கூலி போக மிச்சம் என்ன என்ற கணக்கு இப்போது அவர்கள் நோட்டில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் அங்கேதான் கைக்கு வந்தது. இதில் நன்கொடை எங்கே என்று கேட்காதீர்கள். அரசு தன்னிடம் இருந்த ஓர் உரிமையை ஆள் மாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான். பல கோடி நன்கொடை செய்யாததை அது செய்தது.

இனி கொட்டான். அது பொழுதுபோக்காக இருந்தது ஆச்சிகள் முடைந்த காலத்தில். கல்யாணத்துக்கும் சீருக்கும் வேண்டிய கூடைகளை வீட்டிலேயே முடைந்து, மணி கோத்து, ஓரம் கட்டி வைப்பார்கள். பிளாஸ்டிக் வந்ததும் கை நின்றுவிட்டது. விசாலாட்சி ராமசாமி 2000-ல் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளையைத் தொடங்கி, தெரிந்த சில முதிய கைகளிடமிருந்து அதை மீட்டு, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னர் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் புவிசார் குறியீடும் வந்தன. முடைவது இன்று அவர்களுக்குக் கூலி தரும் வேலை. உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதுதான்: பெரிய வீட்டின் ஓய்வு நேரக் கலை, சிறிய வீட்டின் வருமானமாக இடம் மாறியிருக்கிறது. அது சின்ன மாற்றம் இல்லை.

ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பனையின் குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். சாயத்தில் கொதிக்கவிட்டு மறுபடி உலர்த்த வேண்டும். முடையும்போது ஓலையில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்தால் மடிக்கிற இடத்தில் ஒடியும், மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். நான் பார்த்த பெண் ஒருவர், முக்கால்வாசி எழுந்த கூடையை விளக்கு வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு மூலை தூக்கியிருக்கிறது என்று பேச்சே இல்லாமல் பிரித்துப் போட்டார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரித்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். உருப்படிக் கணக்குக் கூலியில் அந்த நேரம் எங்குமே ஏறுவதில்லை.

என் குறையும் அங்கேதான். இப்படிப்பட்ட முயற்சிகள் பலவற்றில் முடைகிற பெண் பயனாளியாக இருக்கிறாள், அறங்காவலராக இல்லை. விலை வைக்கிற கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. ஆச்சிக்கு நேர்ந்தது இப்போது அவளுக்கு நேர்கிறது என்றால், நாம் மாற்றியது என்ன? கண்டாங்கிக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது, நல்ல செய்தி. அதனால் தறிக்காரர் கூலி உயரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே, புதிதாக அறக்கட்டளை பதிவு செய்யாதீர்கள். பதிவு, வருமான வரிவிலக்கு, ஆண்டுத் தணிக்கை, அலுவலகம் என்று அப்பத்தாவின் நகை கரைந்துபோவதை நீங்களே உட்கார்ந்து கணக்கு எழுதும்படி ஆகும். சமூகப் புத்தாக்கம் என்ற சொல் நிதி விண்ணப்பத்துக்கு உதவும், ஓலை வாங்க உதவாது. ஏற்கெனவே நடக்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவையோ முடைபவர் குழுவையோ தேடிப் பிடியுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் குறையாக இருப்பது பயிற்சி அல்ல, கைமுதல். சரக்கு இன்று போகும், வாங்கியவரிடமிருந்து பணம் வர மாதங்கள் ஆகும். அதுவரை கூலியை யார் கொடுப்பது? அந்த இடைவெளிக்கு உங்கள் பணம் நிற்கட்டும். போய்த் திரும்பி வந்து மறுபடி போகட்டும். நகையை விற்ற பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அதில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் முடைகிற பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இதற்கு உங்கள் வீட்டிலும் எதிர்ப்பு வரும், அவர்கள் வீட்டிலும் வரும்.

பணத்தைவிடப் பெரிதாக உங்களிடம் இன்னொன்று இருக்கிறது. வருடத்துக்குச் சில நாள் ஊருக்கு வந்து, குழுவில் இரண்டு பெண்களுக்கு ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்குப் போடக் கற்றுக்கொடுங்கள். ஒரு கொட்டான் கடையில் என்ன விலைக்கு விற்கிறது, அதில் தன் கூலி எத்தனை பங்கு என்று கணக்குப் போடத் தெரிந்த பெண், அடுத்த ஆர்டருக்குப் பேசும் விதமே வேறாக இருக்கும். பிரித்துப் போட்ட கூடைக்கும் அவள் கூலி கேட்பாள். கேட்கட்டும். அப்போது கொடுக்க வேண்டியவர்கள் முணுமுணுப்பார்கள், நீங்களும் ஒருவேளை அந்தப் பக்கத்தில் இருப்பீர்கள்.

பெரியவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். திருப்பணிக்கு அவர்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுக்கட்டும், அப்பத்தா பெயரைக் கல்லிலும் வெட்டட்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை. நகைப் பணத்தை மட்டும் அதற்கு எடுக்க முடியாது என்று, எல்லோரும் கூடியிருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா