பிரசவத்துக்குப் பின் ஓயாமல் ஒழுகும் சிறுநீர்

கேள்வி: என் தம்பி மனைவிக்கு வயது 21. தலைப்பிரசவம். ஒன்றரை நாள் வலி எடுத்து, கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். ஆறாம் நாளிலிருந்து சிறுநீர் தானாக ஒழுகுகிறது, படுத்தாலும் நிற்பதில்லை. இன்றோடு 17 நாள். ‘பச்சை உடம்பு, போகப்போகச் சரியாகும்’ என்று அம்மா தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுக்கிறார். காத்திருக்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அழைத்துப் போங்கள். தண்ணீரை இன்றைக்கே கூட்டுங்கள்.

இருமினால், தும்மினால் சொட்டுவது வேறு. பிரசவமான பலருக்கும் அது இருக்கும், இடுப்புத்தசைப் பயிற்சியில் பெரும்பாலும் குறைந்துவிடும். படுக்கையிலும் துணி நனைந்துகொண்டே இருந்தால் இரண்டு சந்தேகங்கள். சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழியலாம். அப்போது அடிவயிறு உப்பலாகத் தெரியும். அல்லது சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். இதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறோம். நீங்கள் சொன்ன ‘ஆறாம் நாள்’ இரண்டாவதையே காட்டுகிறது. தலை இறங்காமல் மாட்டி நிற்கும்போது, தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நசுங்கிய சதைக்கு மணிக்கணக்கில் ரத்தம் போகாது. செத்த சதை 3 முதல் 10 நாளுக்குள் கழன்று விழும்போதுதான் ஓட்டை திறக்கும். ஆயுதத்தை மட்டும் குற்றம் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். நீண்டுபோன வலியே இதற்குப் போதும்.

பரிசோதனை எளிது. பிறப்புறுப்பில் மூன்று பஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் விடுவார்கள். நடுப்பஞ்சு நீலமானால் ஓட்டை சிறுநீர்ப்பையில். மேல்பஞ்சு நீலமாகாமல் வெறுமனே நனைந்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில். அதற்கு வைத்தியமே வேறு.

நான்கு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஓட்டை சிறியதாக இருந்தால், யூரின் டியூப் போட்டு 4 முதல் 6 வாரம் சிறுநீர்ப்பையைக் காலியாகவே வைத்திருந்தால் ஆபரேஷன் இல்லாமலே மூடக்கூடும். டியூப் மடங்கக் கூடாது, சிறுநீர் சேரும் வெளிப்பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். டியூப் ஒரு ராத்திரி அடைத்துக்கொண்டாலும் சிறுநீர் ஓட்டை வழியாகவே போகும், ஆறிய இடம் திறந்துவிடும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு 4 லிட்டர். கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தியம் என்று குறைத்தால் ஒழுகல் நிற்காது. சிறுநீர் கெட்டியாகித் தொடையை வேக வைத்துவிடும், நாற்றமும் கூடும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள்.

டியூபில் மூடாவிட்டால், புண் ஆறிய பிறகு, வழக்கமாக மூன்று மாதத்தில் ஆபரேஷன். முதல் ஆபரேஷனில்தான் வெற்றி வாய்ப்பு அதிகம் என்பதால் அனுபவமுள்ள கையில் செய்துகொள்ளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மகப்பேறு, சிறுநீரகவியல் பிரிவுகள் இரண்டும் உண்டு. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகிவிட்ட நம் பக்கத்தில் இது அரிதாகிவிட்டது; இளம் மருத்துவர்களுக்குச் சட்டென்று தோன்றாமல் போகலாம். ‘எந்நேரமும் ஒழுகுகிறது’ என்று நீங்களே சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டுங்கள். காய்ச்சல் இருந்தால் இன்றே போங்கள்.

இரண்டு விஷயங்களைத் தம்பி மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். காற்றோ மலமோ முன்வழியாக வருகிறதா? நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் நழுவுகிறதா? முதலாவது மலக்குடலிலும் ஓட்டை என்பதற்கு அடையாளம், இரண்டாவது நரம்பு நசுங்கியதற்கு. இதை வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் கூசுவார்கள்.

ஓட்டை மூடிய பிறகு மூன்று மாதம் தாம்பத்தியம் வேண்டாம். அடுத்த குழந்தைக்கு, வலி வரும்வரை காத்திராமல் சிசேரியன்தான். முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள்.