ஒரே மழை, வேறு வேறு காடு

கேள்வி: முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, கோடியக்கரையிலோ வெளிமான் மேயும் புல்வெளி. மழை ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: தூந்திரா, பாலைவனம், சவானா, மழைக்காடு என்று உலகைப் பெரும் பல்லுயிர்த் தொகுதிகளாக, அதாவது ஒரே வகைச் செடிகொடிகளும் விலங்குகளும் வாழும் பெரும் பரப்புகளாகப் பிரிப்பவை வெப்பமும் மழையும். ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாகப் பெய்தால் பாலைவனம் என்பது பொதுக் கணக்கு. நம் காவிரி டெல்டாவில் மழை அதைவிடப் பல மடங்கு. ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். கோடியக்கரை மணல்மேட்டில் நீர் நிற்காது. அங்கே பாலை மரம் போன்ற தடித்த இலை மரங்கள் கோடையிலும் பசுமையாக நிற்கின்றன. அவை பரவாத இடம் புல்வெளி. (சீமைக்கருவேல் நுழைந்தால் வெளிமானுக்கு அந்த மேய்ச்சலும் போய்விடும்.)

முத்துப்பேட்டையிலோ நீர் ஊறிய சேறு, மண்ணுக்குள் காற்றே கிடையாது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் அதனால்தான் பென்சில் பருமனில் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. இலையைத் தொட்டு நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. சில பட்டியல்களில் அலையாத்தி தனித் தொகுதியாகவே வருகிறது. அதுவே எங்களுக்கும் சரியாகப் படுகிறது.

நட்ட அலையாத்திக் கன்றுகள் கருகுகின்றனவா? பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறியிருக்கும். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) வந்து வடிய வழிசெய்துவிட்டு, வாய்க்கால் சரிவில் நடுங்கள். தூர்ந்துபோனால் பழைய கதைதான், அவ்வப்போது தூர்வாருங்கள்.